கோழி அடைகிற நேரம்

செவலை ஒரு கண்ணால் கூட்டைப் பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி இன்னொரு கண்ணால் பூவரச மரத்தைப் பார்த்தது. மரத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தது. வேண்டாம்த்தா, இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்லுததைக் கேளு, அந்தப் பக்கம் பார்க்காத, என்று பேச்சி மனசுக்குள் கெஞ்சினாள். மனசுக்குள் சொல்வது கோழிக்கு எப்படிக் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கே கேட்பதில்லை. வெயில் மதில் மேலேறிப் போய்விட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன்களின் தடதடப்பு, அது ராவும் பகலும் இருக்கிறதுதான், வந்த புதிதில் தலைக்குள் இடித்தது, இப்போது நின்றால்தான் காதில் விழும். பூவரச மரத்தடியில் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் வெள்ளைக் கார் உறை போட்டு நின்றது. உறைக்கு அடியில் முன்பக்கத் தகரத்தில் ஒரு நெளிவு இருக்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு. நேற்று ராத்திரி கிளையிலிருந்து கோழிகளைப் பிடித்து இறக்குகிறேன் என்று அவள் புருஷன் லிங்கதுரை ஏறி மிதித்ததில் விழுந்த நெளிவு. டொக்கென்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, நெளிவைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை. அதனால்தான் காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டே சொன்னான், "ஏட்டி, இன்னைக்கும் அதுக மரத்துல ஏறுச்சுன்னா நாளைக்குக் குமரேசனை வரச் சொல்லிருதேன். சாக்கோட வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும். வாடகைக்கு இருக்க எடத்துல கோழிக்காக மொகம் சுளிக்க வைக்க முடியாதுல்லா." குமரேசன் அவனோடு தறி ஓட்டுகிறவன், நாட்டுக்கோழி என்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. லிங்கதுரைக்குக் கோபமே வராது, பேச்சுதான் வரும். வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டும் பேசுவான், தூக்கத்திலும் பேசுவான், கோழிக்கூட்டுக்கு ஆணி அடிக்கிறபோது வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டும் பேசினான். பேச்சிக்குப் பேரில் மட்டும்தான் பேச்சு. பேச்சியம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள் என்று வைத்த பேர். முன்வீட்டு மயிலாத்தா அக்காவுக்கு, அதுதான் வீட்டுக்காரருடைய சம்சாரம், இந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் பொழுது போகாது. "பேரு பேச்சியாம்! வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாட்ட இருக்குது" என்பாள். தப்பாகச் சொல்கிறவள் இல்லை, குணம் தங்கம், பாப்பா பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் பேச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அது இன்று நேற்று ஒட்டியதில்லை, அந்தப் பஞ்சாரம் கேட்கப்போன நாளில் ஒட்டியது. அம்மா பஸ்ஸில் கட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த செவலை, வந்த மறுமாசமே அடுப்படி மூலையில் அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரித்திருந்தது. கவிழ்த்து மூட ஒன்று வேண்டும். பேச்சி ரெண்டு நாள் யோசித்து, சொல்லவேண்டியதை ஏழெட்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, முன்வீட்டு வாசலில் போய் நின்று, "யக்கா, பஞ்சாரம் இருக்கா?" என்று கேட்டாள். மயிலாத்தா காதைக் கொடுத்துக் கேட்டாள். "என்னது, பஞ்சரா? சைக்கிளுக்கா வண்டிக்கா புள்ள? மேக்கால போனீன்னா ஆலமரத்துக்கிட்ட ஒரு கடை இருக்குது பாரு, ஒட்டிக் குடுப்பான்." பேச்சி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அது பஞ்சர் இல்லக்கா, பஞ்சாரம், கோழி கவுக்கிறது, என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அரிசிச் சல்லடையைக் கவிழ்த்து மேலே குழவியை வைத்தாள். அப்புறம் மயிலாத்தாவே பின்பக்கம் வந்து பார்த்து, இடுப்பில் கை வைத்துச் சிரித்துச் சிரித்து, "அட கொடாப்பைத்தான் கேட்டியா! எங்கூருல அது கொடாப்பு" என்று மூங்கில் கூடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கதையை லைன் வீடு மூன்றுக்கும் சொன்னாள். தண்ணி பிடிக்கிற இடத்தில் சொன்னாள். நல்ல கதைதான், வேறு யாருக்காவது நடந்திருந்தால் பேச்சியும் சிரித்திருப்பாள். இப்போதும் தனியாகப் பாத்திரம் கழுவும்போது நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

பொரித்ததில் ஒன்றைப் பூனை கொண்டுபோனது. மிச்சம் ஐந்து. கூடைக்குள் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை, பொழுது சாய்ந்தால் தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும், கூடையைக் கவிழ்த்தால் தீர்ந்தது. வளர்ந்தபின் கூடை பற்றவில்லை. புள்ளி, கழுத்தில் மயிர் இல்லாத கிராப்பு, உச்சியில் பூ வைத்த மாதிரி கொண்டைக்காரி, கறுப்பி, அப்புறம் இந்தச் சேவல், காலும் கழுத்தும் நீண்டு குரல் உடையாத பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திரிகிறது, இன்னும் கூவப் பழகவில்லை. இதுகளுக்காகத்தான் லிங்கதுரை கூடு கட்டினான். குடோனில் நூல் வந்த மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து, பலகை பலகையாகப் பிரித்து, இழைத்து, நாலு கால் வைத்து, உள்ளே அடைய ரெண்டு குறுக்குக் கம்பு கொடுத்து. பூனை என்றால் அவனுக்கு அவ்வளவு ஆத்திரம். "ஒரு விரல் போற சந்துகூட விட மாட்டேன் பாத்துக்கோ" என்று பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தகரம் வைத்து அடித்தான், மழைக்கு மேலே கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி ஓரமெல்லாம் ஆணி அடித்தான், முன்னால் மட்டும் ஏற்றி இறக்குகிற பலகைக் கதவு. முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தான். "நம்ம வீட்டை விட இது கெட்டி." நிஜம்தான். நம்ம வீட்டில் அடுப்படி ஓட்டில் வானம் தெரிகிறது. அவ்வளவு ஆசையாகக் கட்டின கூட்டுக்குள் ஒரு கோழி, ஒரு நாள், தானாகப் போய் அடையவில்லை. பொழுது போனால் வரிசையாக மதிலில் தாவி, மதிலிலிருந்து மரத்தில் தாவி, காருக்கு நேர் மேலே உட்கார்ந்துகொள்கின்றன. காலையில் உறை மேல் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக. பேச்சி விடியுமுன் போய்த் துடைக்கிறாள். எவ்வளவு துடைத்தாலும் மயிலாத்தாவின் கண்ணுக்கு ஒரு பொட்டாவது மிச்சம் இருக்கும்.

கையில் கம்புத் தானியம் இருந்தது, ஒரு பிடி. கூட்டு வாசலிலிருந்து கோடு போட்ட மாதிரி தூவிக்கொண்டே வந்தாள், கல்யாணத்தில் பூத்தூவுகிற மாதிரி, இதையும் இப்படி யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, ட்ட ட்ட ட்ட, அம்மா கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அம்மா கூப்பிட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும். பேச்சி கூப்பிட்டால் பேச்சிக்குக் கேட்கும். ஆனாலும் செவலை வந்தது. செவலை வந்தால் மற்றவை வந்துவிடும். தலையைத் தலையைப் போட்டுக் கொத்திக்கொண்டு, கோட்டின் மேலேயே, இதோ, இதோ, கறுப்பி முந்திக்கொண்டு, புள்ளி அதைக் கொத்தி விரட்டிக்கொண்டு, கூட்டு வாசல் வரைக்கும். வாசல் பலகை மேல் செவலை ஒரு காலை வைத்தது. உள்ளேயும் கம்பு கிடக்கிறது, உள்ளே போ, என் ராசாத்தி. செவலை கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. அப்படியே நின்றது. எதையோ பார்க்கிறது, அல்லது எதையும் பார்க்க முடியாமல் நிற்கிறது. தூக்கின கால் தூக்கினபடி. பிறகு வந்த காரியம் மறந்துபோனவள் மாதிரி காலை எடுத்துக்கொண்டு திரும்பி, சாவகாசமாக மதில் பக்கம் நடந்தது.

"சத்தமாக் கூப்புடு புள்ள!" மயிலாத்தா அக்கா துவைகல்லுக்கு வந்திருந்தாள், கையில் ஒரு வாளி. எப்போது வந்தாள்? பூத்தூவினதைப் பார்த்திருப்பாளோ. "நீ கூப்புடறது உனக்கே கேக்காது, அப்பறம் கோழிக்கு எப்படிக் கேக்கும்? வவுத்துல இருந்து கூப்புடோணும். ப்பா, ப்பா, ப்பா, ப்பா!" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், தறிச்சத்தமே ஒரு நிமிஷம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஏனுங்கக்கா என்றான். கோழிகள் ஆறும் தலையைத் தூக்கிப் பார்த்தன. பார்த்ததோடு சரி. கிராப்பு மட்டும் ரெண்டடி எடுத்து வைத்து, கொடுக்க ஒன்றுமில்லை என்று கண்டு நின்றுவிட்டது. "பாத்தியா, எம்பட பேச்சுக்கும் மருவாதி இல்ல" என்றாள் மயிலாத்தா. அப்புறம் வாளியை இறக்கி வைத்துவிட்டு, குரலையும் கொஞ்சம் இறக்கி, "அவுரு வண்டியப் பத்திக் கேட்டா நாந்தான் சமாளிச்சுப் போட்டேன் கண்ணு. ஆனா தெனமும் சமாளிக்க முடியாது. கோழின்னா எனக்கென்ன வெறுப்பா? இன்னிக்கு எப்படியாச்சும் அடச்சுப் போடு" என்றாள். பேச்சி சரிக்கா என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குள் எவ்வளவோ இருந்தது, மன்னிச்சுக்கிடுங்கக்கா என்பது இருந்தது, நேற்று அவரு வேணும்னு மிதிக்கலக்கா என்பது இருந்தது, இதுக எனக்கு யாருன்னு உங்களுக்குத் தெரியாதுக்கா என்பதும் இருந்தது. மயிலாத்தாவுக்குக் கேட்டது சரிக்கா மட்டும்தான். அவள் துணியை முக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதுகள் எனக்கு யார். பேச்சிக்கே அது சரியாகத் தெரியாது. அவன் ஷிப்டுக்குப் போனபிறகு பகல் முழுக்க இந்தப் பின்பக்கத்தில் அவளும் பாப்பாவும்தான். பாப்பாவுக்கு ஹர்ஷிதா என்று பேர், அவன் போனில் தேடி வைத்தது. பேச்சியின் வாயில் அர்சிதா என்றுதான் வருகிறது, ஊசி போடுகிற இடத்தில் பேர் கேட்டபோது அந்த நர்ஸ் மூன்று தரம் திரும்பக் கேட்டாள், அதிலிருந்து பாப்பா என்றே கூப்பிடுவது. பாப்பா தூங்கினால் வீடு அப்படியே நின்றுவிடும். அப்போது செவலை வாசல்படியில் ஏறி, அடுப்படி வரை வந்து, க்க்க் என்று ஒரு குரல் கொடுக்கும், என்ன செய்யுத என்கிற மாதிரி. சும்மாத்தான் இருக்கேன், என்பாள் பேச்சி. வாய்விட்டு. அதனிடம் வாய்விட்டு வந்துவிடும். ஆறாங்கிளாஸில் எழுந்து நின்று பாடம் வாசி என்றபோது வராத சத்தம். எழுத்தெல்லாம் தெரியும், கண்ணுக்குள் ஓடும், உதடு வரைக்கும் வந்து நிற்கும், பின்பெஞ்சில் யாரோ சிரிப்பார்கள், அவ்வளவுதான், கதவு சாத்திக்கொள்ளும். "வாயில என்ன கொழுக்கட்டையா" என்பார் சார். அந்த வருஷத்தோடு நின்றது நல்லதுக்குத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை, ஆனால் அழுகையும் வருவதில்லை. கோழிகளிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கொழுக்கட்டையைக்கூடச் சொல்லியிருக்கிறாள். புள்ளி முதல் முட்டை இட்டது போன வாரம், வைக்கோல்கூட இல்லாத இடத்தில், துவைகல்லுக்குப் பின்னால், சின்னதாக, எடுத்தபோது சூடு கையில் ஏறியது, அதைப் பாப்பாவின் கன்னத்தில் வைத்தாள், பாப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது. சாக்கு என்றால் எந்தச் சாக்கு. நூல் வருகிற வெள்ளைச் சாக்கா, இல்லை தவிட்டுச் சாக்கா. உள்ளே போட்டு வாயைக் கட்டினால் மூச்சு முட்டாதா. ஒன்றன் மேல் ஒன்றாக. செவலை அடியில் இருக்குமா, மேலே இருக்குமா. சீ, நினைக்காதே.

மதில் மேல் கறுப்பி ஏறிவிட்டது. ஏறி உட்கார்ந்து இறக்கையைக் கோதுகிறது. பேச்சி ஒரு குச்சியை எடுத்துப் போய் மெல்ல அசைத்தாள், இறங்கி வந்தது, கொண்டைக்காரி ஏறியது. இதைப் பிடித்தால் அது, அதைப் பிடித்தால் இது. விரட்டவும் பயம், விரட்டினால் காருக்குக் கீழே போய்விடும். பாப்பா எழுந்துவிட்டாளோ, தொட்டில் கயிறு கிரீச்சென்கிறதோ, இல்லை, அது தறி. மேலே பார்த்தாள். மரத்தின் உச்சியில் இன்னும் வெயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, மஞ்சளாக, இலை இலையாக. கீழே எல்லாம் மங்கிவிட்டது. கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கதவு இருந்த இடம் மட்டும் கறுப்பாக, சதுரமாக. ஒரு சந்து விடாமல் அடைத்த கூடு. உள்ளே கம்பு எங்கே இருக்கிறது, குறுக்குக் கம்பு எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். தகரமும் புதுப்பலகையும் கலந்த வாசம். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. சட்டென்று தலையை வெளியே எடுத்துக்கொண்டாள். இது எங்கேயோ பட்ட இருட்டு. இதே மாதிரி ஒரு வாசலில் இப்படி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது யார்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அந்த முதல் நாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. மூன்றாவது லைன் வீட்டுக் கதவை அவன் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவள் கையில் கல்யாணப் பெட்டியோடு வாசலில் நின்றாள். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. தரை இருக்கிறதா, படி இருக்கிறதா, பள்ளமா, மேடா. ஒரு காலைத் தூக்கினாள், வைக்க இடம் தெரியவில்லை, தூக்கினபடியே நின்றாள். உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "வா, உள்ள வா. ஏன் நிக்க? ஒண்ணும் இல்ல, நான் இருக்கம்லா. நம்ம வீடுதான், வா. இது ரூமு, அந்தால அடுப்படி, பொறத்தால தண்ணித்தொட்டி, நல்ல காத்து வரும். வாட்டி." எவ்வளவு நல்ல வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தைக்கும் போகவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கால் வார்த்தையைப் பார்த்து நடக்கிறதா. அவன் கூப்பிடக் கூப்பிட அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அக்கம் பக்கத்தில் ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். தேர் மாதிரி நிக்காளே என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் அவனுக்கே வார்த்தை தீர்ந்துபோனது, அவனுக்கு வார்த்தை தீர்ந்ததை அவள் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அப்புறம் உள்ளே, கடைசிச் சுவர் ஓரத்தில், ஒரு வெளிச்சம் வந்தது. போனை எடுத்துச் சுவரைப் பார்க்க வைத்திருந்தான். கண்ணில் அடிக்கவில்லை. சுவர் தெரிந்தது, தரை தெரிந்தது, தரையில் புதுப்பாய் விரித்திருந்தது தெரிந்தது, பாய் ஓரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவன் பேசாமல் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றான். அவள் தூக்கின காலை உள்ளே வைத்தாள்.

போன். இடுப்பில் சொருகியிருந்ததை எடுத்தாள். பட்டன் போன்தான், உச்சியில் ஒரு சின்ன லைட் உண்டு, கரண்டு போனால் பாப்பாவுக்குப் பால் காய்ச்ச அதுதான் துணை. நடுவில் இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்தாள். வெளிச்சம் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு விளக்கு வைக்காமல் கோழிக்கூட்டுக்கு வைக்கிறாளே என்று மயிலாத்தா பார்த்தால் என்ன சொல்வாள், சொல்லட்டும். கையை உள்ளே நீட்டி, கடைசிப் பலகை ஓரத்தில் செங்கல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். முதலில் வெளிச்சம் வாசலைப் பார்த்து அடித்தது. வேண்டாம், கண் கூசும். திருப்பிப் பலகையைப் பார்க்க வைத்தாள். பலகை மஞ்சளாகியது. குறுக்குக் கம்புகள் ரெண்டும் தெரிந்தன, தரையில் தூவின கம்பு தெரிந்தது, நூல் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்துக்கூடத் தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே பார்த்தால் ஒரு சின்ன வீடு. பேச்சி எழுந்து, நாலடி தள்ளி, அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றாள். கூப்பிடவில்லை. ட்ட ட்ட கூட இல்லை.

மரத்தின் உச்சியில் இருந்த வெயில் போய்விட்டது. இப்போது பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், மதிலும் மரமும் காரும் ஒரே மாதிரி. அந்தச் சதுரம் மட்டும் மஞ்சளாக. மதிலடியில் நின்ற செவலை ஒரு கண்ணால் அதைப் பார்த்தது. தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. மரத்தைப் பார்க்கவில்லை. நடந்தது. அவசரமே இல்லாமல், தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி, நின்று ஒரு மணியைக் கொத்தி, மறுபடி நடந்து, வாசல் பலகை மேல் ஒரு காலை வைத்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. பேச்சிக்குத் தன் கால் கட்டைவிரல் மண்ணுக்குள் புதைவது தெரிந்தது. தூக்கின கால். தூக்கின கால். வை. செவலை இன்னொரு காலையும் உள்ளே வைத்துப் போய்விட்டது. உள்ளே குறுக்குக் கம்பின் மேல் தாவுகிற சத்தம், இறக்கை ரெண்டு தரம் அடித்துக்கொள்கிற சத்தம், பிறகு அந்தக் குரல், க்ர்ர்ர் என்று தொண்டைக்குள், இவை குஞ்சாக இருந்தபோது இறக்கைக்குள் கூப்பிட்ட அதே குரல். புள்ளி போனது. கறுப்பி போனது. கிராப்பு வாசலில் நின்று பின்னால் யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனது. கொண்டைக்காரி மதில் மேலிருந்து இறங்கி ஓடிவந்து போனது. சேவல் மட்டும் வெளியே, நீளக் காலை வைத்துக்கொண்டு, நான் பெரியவன், எனக்கு வீடு தேவையில்லை என்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றியது. மரத்தைப் பார்த்தது. மரம் கறுப்பாக இருந்தது. அதன் வீராப்பு எங்கே போனதோ, குடுகுடுவென்று ஓடிப்போய் நுழைந்தது. பேச்சி அடி மேல் அடி வைத்துப் போய்க் கதவுப் பலகையில் கையை வைத்தாள். இறக்கவேண்டியதுதான்.

அப்போது கூட்டுக்குள் போன் அடித்தது. கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த பாட்டு, டிங் டிடிங் டிங் என்று, வீட்டுக்குள் அடித்தாலே பாப்பா தூக்கிப்போடும், அந்தத் தகரப் பெட்டிக்குள் அடித்தால் கேட்கவா வேண்டும். ஆறு தலையும் நிமிர்ந்தன. அவன்தான். ஷிப்டு முடிந்து கிளம்புமுன் கூப்பிடுவான், ரெண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள், எடுக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. எடுக்கவேண்டுமென்றால் கையை உள்ளே விடவேண்டும். கையை விட்டால் கலைந்துவிடும். கலைந்தால் தீர்ந்தது. கை பலகையில் இருந்தது, எடுக்கவில்லை. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. செவலை போனைப் பார்த்தது, ஒரு கண்ணால், பிறகு இன்னொரு கண்ணால். பேசட்டும் விடு என்கிற மாதிரி கழுத்தை உள்ளுக்கு இழுத்து, இறகை உப்பிக்கொண்டு, கண்ணின் கீழ்ப்பட்டையை மேலே ஏற்றிக்கொண்டது. பாட்டு நின்றது. மறுபடி அடித்தது. இந்தத் தரம் ஒரு தலையும் நிமிரவில்லை. பேச்சிக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து, மயிலாத்தா அக்கா கூப்பிடச் சொன்ன இடத்திலிருந்து. வாயைப் பொத்திக்கொண்டு, பலகையை நூல் நூலாக இறக்கி, கொக்கியை மாட்டினாள்.

பிறகு உள்ளே போய் வாசலுக்கு விளக்கு வைத்தாள், கொஞ்சம் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள் தாயே. பாப்பா எழுந்து தொட்டிலுக்குள் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தபோது சைக்கிள் மதிலில் மோதுகிற சத்தம், அவன் ஓடிவருகிற சத்தம். "ஏட்டி! போன எடுக்க மாட்டியா? ரெண்டு தரம் அடிச்சேன். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே? பதறிப்போய் மிதிச்சிட்டு வாரேன், சந்துல ஒரு நாய் வேற..." பேச்சி உதட்டில் விரலை வைத்தாள். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். அவள் மரத்தைக் காட்டினாள். அவன் மரத்தைப் பார்த்தான், கிளை கிளையாகப் பார்த்தான், ஒன்றுமில்லை. கூட்டைக் காட்டினாள். கதவுப் பலகையின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு இருந்தது, அவன் அடைக்காமல் விட்ட ஒரே சந்து. அவன் முட்டிபோட்டு அதில் கண்ணை வைத்தான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ஆறும் இருக்கு."

"ம்."

"லைட்டு யாரு வெச்சா?"

"நான்தான்."

"அது எப்படித் தோணிச்சு உனக்கு?"

பேச்சி பாப்பாவின் தலைமயிரைக் கோதினாள். சொல்லலாம். அன்னைக்கு எனக்கு நீ வைக்கலையா என்று சொல்லலாம். அவனுக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ. சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு விடிகிறவரை பேசுவான், குமரேசனிடம் சொல்வான், குடோன் பூராவும் சொல்வான். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சுவர் ஓரத்தில், பாய்க்குப் பக்கத்தில். "சும்மாதான்" என்றாள். அவன் தன் போனை எடுத்து, தள்ளிப்போய், கையால் வாயை மூடிக்கொண்டு பேசினான். "மாப்ள, சாக்கு வேண்டாம்டா. இல்லடா, குடுக்கல. அதுக வீட்டுக்குப் போயிருச்சு." முன்வீட்டுப் பக்கம் கதவு திறந்தது. மயிலாத்தா அக்கா தலையை நீட்டி, மரத்தைப் பார்த்து, காரைப் பார்த்து, கூட்டோரத்தில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்தாள். எல்லோரும் ரகசியம் பேசுவதைக் கண்டு அவளும் குரலை அடக்கிக்கொண்டாள், அவளுக்கு அடக்கினாலும் ஊருக்குக் கேட்கும்.

"ஏம்புள்ள பேச்சி, உம்பட பஞ்சாரத்துல எல்லாம் அடஞ்சிருச்சா?"

பஞ்சாரமாம். இது பஞ்சாரம் இல்லையே, பஞ்சாரம் என்றால் கவிழ்க்கிற கூடை, இது கால் வைத்த கூடு. பேச்சி திருத்தவில்லை. அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து இருட்டில் நின்றது நன்றாக இருந்தது. "அடஞ்சிருச்சுக்கா" என்றாள். சொன்னபிறகுதான் தெரிந்தது, அவ்வளவு தூரத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். "அப்படியா, நல்லதாப் போச்சு சாமி" என்று கதவு சாத்திக்கொண்டது.

லிங்கதுரை கூட்டைப் பார்த்தபடியே நின்றான். "போனு உள்ள கெடக்கே. எடுத்துருவமா?"

"வேண்டாம். காலைல எடுத்துக்கிடலாம்."

"சார்ஜு போயிரும்லா. அதுல அலாரம் வேற வெச்சிருக்கோம், ஞாயித்துக்கெழமைன்னாலும் எனக்கு மொத ஷிப்டு."

"அடிக்கட்டும். சேவல் இருக்குல்லா, எழுப்பி விடும்."

"அது இன்னும் கூவவே படிக்கலட்டி."

"அதான் சொல்லுதேன்," என்றாள் பேச்சி, "அலாரத்தைக் கேட்டுப் படிச்சுக்கிடட்டும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், அவனுடைய சிரிப்பு தறிச்சத்தத்துக்கு மேலே எழும்பும். அவள் பாப்பாவைப் பிடித்திருந்த கையை விடாமல் இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தினாள். உள்ளே, பலகைக்கு அந்தப் பக்கம், செவலை தூக்கத்தில் க்ர்ர்ர் என்றது.